வெட்டுவாயின் கோணம்

மரத்தின்மீது இரும்பு செய்யும் வேலையைக் குறிக்கத் தமிழுக்கு ஒரு வினைச்சொல் போதவில்லை. மரத்தை வெட்டுகின்றனர், தறிக்கின்றனர், பிளக்கின்றனர், செதுக்குகின்றனர், இழைக்கின்றனர், சீவுகின்றனர். இவற்றுள் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்துப் பேசினால் தச்சர் நகைப்பார். விறகை எவரும் சீவுவதில்லை. எழுதுகோலின் முனையை எவரும் பிளப்பதில்லை. கையின் அசைவு வேறுபடுவதால் மட்டும் இச்சொற்கள் பிரிந்து நிற்கவில்லை. ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் ஒரு கருவி இருக்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் அதன் வாயில் ஒரு கோணம் இருக்கிறது.

மலாயாவின் தோட்டப்புறத் தமிழில் இரப்பர் மரத்தைக் குறித்து இரண்டு வினைகள் அருகருகே வழங்கின. ‘பால் வெட்டுதல்’ என்றனர். ‘மரம் சீவுதல்’ என்றும் கூறினர். பேச்சில் இரண்டும் ஒரே வேலையைத்தான் குறித்தன. வரலாற்றிலோ அவை இரண்டு வேலைகள். வெட்டிப் பால் எடுத்த முறை பிரேசில் நாட்டின் அமேசான் காட்டுக்குரியது. சீவிப் பால் எடுக்கும் முறை சிங்கப்பூரில் உருவாயிற்று. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு கத்தி வாயின் அமைப்பில் ஏற்பட்ட வேறுபாடே. அதை முழுமையாக உணர வேண்டுமாயின், இரப்பர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே மலாயாக் காடுகளில் மரத்தோடு மல்லிட்ட கருவிகளிலிருந்து தொடங்குவதே முறை.

எந்தக் கத்தியும் அடிப்படையில் ஓர் ஆப்பே ஆகும். இரு சரிவுகள் ஒரு கோட்டில் கூடுமிடம் வெட்டுவாய். அச்சரிவுகளுக்கு இடைப்பட்ட கோணம் சிறிதாயின் கத்தி எளிதில் மரத்தினுள் இறங்கும். ஆனால் வாயைத் தாங்கி நிற்கும் இரும்பு குறைவாகையால், கணுவில் பட்டால் மடங்கும், அல்லது சில்லு பெயரும். கோணம் பெரிதாயின் வாய் நிலைக்கும். ஆனால் உள்ளே இறங்க மிகுந்த விசை வேண்டும். மரம் சீவும் கைக்கத்திக்கு ஏறத்தாழ 20 முதல் 25 பாகை வரையிலும், வெட்டுகத்திக்கும் கோடரிக்கும் 30 பாகையும் அதற்கு மேலும் கோணம் வைப்பது உலகெங்கும் கொல்லர்கள் கண்ட நடைமுறை. எந்த நூலும் கற்பிக்காமலே வெவ்வேறு நாட்டுக் கொல்லர்கள் ஏறக்குறைய ஒரே அளவுகளுக்கு வந்து சேர்ந்திருப்பது வியப்புக்குரியது. மரமே அவர்களுக்கு ஆசிரியர் எனல் தகும்.

கோணத்தோடு சரிவின் வடிவமும் எண்ணத்தக்கது. சரிவு தட்டையாக இருக்கலாம், மீனின் வயிறுபோல் வெளிநோக்கிக் குவிந்திருக்கலாம், உள்நோக்கிக் குழிந்திருக்கலாம், ஒரு பக்கம் மட்டும் சரிந்து மறுபக்கம் செங்குத்தாக நிற்கவும் கூடும். குவிந்த சரிவுடைய கத்தி ஓங்கி வெட்டும்போது மரத்தை இருபுறமும் ஒதுக்கித் தள்ளும். ஆகையால் வெட்டிய இடத்தில் சிக்கிக்கொள்ளாமல் மீண்டு வரும். தட்டையான சரிவு அவ்வாறு மீளாது. ஆனால் அச்சரிவை மரத்தின்மீது படியவைத்துத் தள்ளினால், அதுவே கைக்கு வழிகாட்டியாக நின்று சீரான சுருளை எடுக்கும். ஒரு பக்கச் சரிவு கத்தியை எப்போதும் ஒரு திசைக்கே இழுத்துச் செல்லும். அவ்விழுப்பைக் குறை எனக் கருதுவோரும் உளர்; அதையே பயனாக்கிக் கொண்டோரும் உளர்.

சுவீடன், பின்லாந்து முதலிய வடநாடுகளின் கைக்கத்திகள் தட்டைச் சரிவுக்குத் தக்க சான்று. அங்குள்ள பைனும் பெர்ச்சும் கத்திக்கு இணங்கும் மரங்கள். குளிர்கால இரவுகள் நீண்டவை. கரண்டி, கிண்ணம், ஏர்ப்பிடி யாவும் வீட்டிலேயே செதுக்கப்பட்டன. முதுகின் நடுப்பகுதியிலிருந்து வாய்வரை ஒரே தட்டைச் சரிவாக இறங்கும் அக்கத்தியை வைத்து, சுவீடனின் நேஸ் என்னும் ஊரில் ஓட்டோ சலோமொன் (1849–1907) பள்ளி ஆசிரியர்களுக்குக் கைத்தொழிற் பயிற்சி அளித்தார். ‘சுலோய்டு’ எனப்படும் அக்கல்விமுறை பல நாடுகளுக்குப் பரவியது. மாணவனின் கையில் உளியையோ இரம்பத்தையோ முதலில் தராமல் கத்தியைத் தந்தார் என்பது ஆசிரியர்கள் கருதிப் பார்க்கத்தக்கது. மரத்தின் இழை எப்பக்கம் ஓடுகிறது என்பதைக் கத்தியைப்போல் கைக்கு விரைவாகச் சொல்லும் கருவி வேறில்லை. இழையோடு சென்றால் சுருள் வரும். இழைக்கு எதிராகச் சென்றால் வாய் ஆழப் பாய்ந்து மரம் பிளக்கும்.

அதே கத்தியை மலாயாக் காட்டில் ஒருவன் செங்கால் மரத்தின்மீது ஓங்கினால் சில வீச்சுகளிலேயே வாய் கெட்டுவிடும். உலர்ந்த செங்கால், தண்ணீரின் எடைக்கு ஏறத்தாழ நிகரானது. திரெங்கானுவின் பூலாவ் டூயோங்கில் வரைபடம் ஏதுமின்றிக் கடலோடும் படகுகளைக் கட்டிய மலாய்த் தச்சர்கள் விரும்பியது இம்மரத்தையே. இத்தகைய மரங்கள் நிறைந்த நிலத்தில் கத்தியின் வரலாறு வேறாக அமைந்ததில் வியப்பில்லை.

அவ்வரலாறு கல்லில் தொடங்குகிறது. கிளந்தான் மாநிலத்தின் குவா சா குகையில் 1954ஆம் ஆண்டு நடந்த அகழாய்வு உட்பட, தீபகற்பத்தின் பல இடங்களில் புதிய கற்காலத்தைச் சேர்ந்த தேய்த்து மெருகிட்ட கற்கருவிகள் கிடைத்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றின் வெட்டுவாய் இரு பக்கமும் ஒத்த சரிவுடையதன்று. ஒரு பக்கம் மட்டும் சரிந்தது. தொல்லியலார் இதைக் கொண்டே அவற்றைக் கோடரி என்னாமல் வாய்ச்சி என்கின்றனர். கோடரியின் வாய் பிடிக்கு இணையாக நிற்கும். வாய்ச்சியின் வாய் பிடிக்குக் குறுக்காக நிற்கும். ஒத்த சரிவு மரத்துக்குள் நேரே இறங்க ஏற்றது. ஒருபக்கச் சரிவு மரத்தின் மேற்பரப்பைச் செதுக்க ஏற்றது. பிடி மக்கி அழிந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆன பின்னும், அக்கல்லை ஏந்தியவன் மரத்தைச் செதுக்கினான் என்பதை வாயின் சரிவு ஒன்றே அறிவிக்கிறது. அலகுபோல் முனை நீண்ட ஒருவகை வாய்ச்சி இத்தீபகற்பத்துக்கே சிறப்பாக உரியது. பிற்காலத்து மலாய் மக்கள் வயலில் உழும்போது கண்டெடுத்த இக்கற்களைப் ‘பத்து லிந்தார்’ என்றனர். இடியோடு வானிலிருந்து விழுந்த கற்கள் என்பது பொருள்.

பேராக், சிலாங்கூர், பகாங் ஆகிய பகுதிகளில் கிடைத்த பழைய இரும்புக் கருவிகளுக்கும் இத்தகைய ஒரு கதை உண்டு. அவற்றைத் ‘துலாங் மாவாஸ்’ என வழங்கினர். மாவாஸ் என்பது காட்டில் வாழும் ஒருவகைக் குரங்கு. அதன் முன்கை எலும்பே இரும்பாலானது என்பது நம்பிக்கை. கருவி செய்தவர் யார் என்பது மறந்துபோனால் மக்கள் அதை வானத்துக்கோ விலங்குக்கோ உரியதாக்கி விடுகின்றனர். உழைத்தவனின் பெயர் மறைந்து பொருள் மட்டும் நிற்பது பழங்காலத்தோடு முடிந்த செய்தியன்று.

இரும்புக் காலத்துக் கருவிகளுள் ‘பெலியோங்’ தனிச்சிறப்புடையது. விரலகலம் பெரியதும் சிறியதுமான இரும்பு அலகு ஒன்று. அதன் வால் போன்ற பகுதி மரப்பிடியின் தலையில் பொருத்தப்பட்டுப் பிரம்பால் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். அலகைக் கழற்றி ஒரு கால்வட்டம் திருப்பிக் கட்டினால் கோடரி வாய்ச்சியாகும். மீண்டும் திருப்பினால் வாய்ச்சி கோடரியாகும். பிடி மெல்லியது, வளைந்து கொடுக்கும். பார்ப்பதற்கு விளையாட்டுக் கருவிபோல் தோன்றும் இதைக்கொண்டு, பருத்த அடிவேர்ப் பலகைகளுக்கு மேலே சாரம் கட்டி நின்று, காட்டின் மிகப்பெரிய மரங்களை வீழ்த்தினர். குறுகிய வாய் என்பதே இதன் இரகசியம். அகன்ற ஐரோப்பியக் கோடரி தன் விசையை நீண்ட கோட்டில் பங்கிட்டுவிடுகிறது. பெலியோங் அவ்விசை முழுவதையும் குறுகிய கோட்டில் குவிக்கிறது. ஆகவே இலேசான வீச்சும் கடின மரத்தில் ஆழ இறங்குகிறது.

இக்கருவி ஒரு பேரழிவுக்கும் துணைநின்றது. தாபான் என்னும் மரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் கெட்டா பெர்ச்சா 1843ஆம் ஆண்டை ஒட்டிச் சிங்கப்பூர் வழியாக ஐரோப்பியரின் கவனத்துக்கு வந்தது. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையிட அதனினும் ஏற்ற பொருள் அன்று இல்லை. 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே இடப்பட்ட கம்பிக்கு அதுவே உறை. தேவை பெருகியது. தாபான் மரத்தில் பால் தனித்தனிப் பைகளில் தங்கியிருப்பதால், நிற்கும் மரத்தைக் கீறினால் சிறிதளவே கசியும். எனவே மரத்தைப் பெலியோங்கால் வீழ்த்தி, அடிமரம் முழுவதும் பாராங் கத்தியால் வளையம் வளையமாகப் பட்டையை வெட்டிப் பாலை எடுத்தனர். பாலுக்காக மரமே கொல்லப்பட்டது. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் தாபான் பல இடங்களில் அருகிப்போயிற்று.

பாராங் ஒரே கத்தியன்று; ஒரு குடும்பம். லாடிங், கீனா, சண்டோங் எனப் பல பெயர்கள், பல வளைவுகள். பொதுவாக முதுகு தடித்து, முனைப்பக்கம் எடை கூடி, வாய் குவிந்த சரிவாகத் தீட்டப்பட்டிருக்கும். எடை முனையில் இருப்பதால் வீச்சின் விசை அங்கே திரள்கிறது. குவிந்த வாய் சிக்காமல் மீள்கிறது. தென்னமெரிக்காவின் மச்செட்டி என்னும் நீண்ட மெல்லிய கத்தி, புல்லையும் சாறுள்ள தண்டுகளையும் விரைந்து அரியும். கட்டை மரத்தில் துள்ளித் தெறிக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டிஷ் படைக்காகப் பர்மிங்காமின் மார்ட்டின்டேல் நிறுவனம் செய்து தந்த காட்டுக்கத்தி இம்மலாய் வழியைப் பின்பற்றிய குறுகிய தடித்த கத்தியே. பெயரும் ‘கோலோக்’ என்னும் மலாய்ச் சொல்லே.

போர்னியோவின் காயான், கென்யா மக்களின் ‘பாராங் இலாங்’ இன்னும் நுட்பமானது. அதன் அலகு ஒரு பக்கம் சற்றே குழிந்தும் மறுபக்கம் குவிந்தும் இருக்கும். சார்லஸ் ஹோஸ், வில்லியம் மக்டூகல் ஆகிய இருவரும் 1912இல் வெளியிட்ட போர்னியோ மக்களைப் பற்றிய நூலில் இதை விளக்கியுள்ளனர். இடக்கையனுக்குரிய கத்தி வலக்கையனுக்குப் பயன்படாது. கொல்லன் எதிர்ப்புறமாகக் குழித்து அடிக்க வேண்டும். ஒருபக்கச் சரிவின் இழுப்பைக் குறையாகக் கொள்ளாமல் பயனாக்கிக் கொண்டமைக்கு இதனினும் சிறந்த சான்று காண்டல் அரிது.

அக்கத்தியின் உறையிலேயே சிறுகத்தி ஒன்றும் செருகப்பட்டிருக்கும். மலாயர் இவ்வகைக் கத்தியைப் ‘பீசாவ் ராவுட்’ என்பர். அலகு சிறியது, பிடியோ முழங்கை வரை நீளும். பிடியை முன்கையின் அடியில் அணைத்துக்கொண்டு, பிரம்பையோ மூங்கில் கீற்றையோ அசையாத வாயின்மீது இழுத்துச் சீவுவர். கத்தி நிற்க, பொருள் நகர்கிறது. வாயின் கோணம் மிகச் சிறிது. விசைக்கு அங்கே வேலையில்லை. தடித்த கத்தி ஒன்றும் மெல்லிய கத்தி ஒன்றும் ஒரே இடுப்பில் தொங்கின என்பதைக் காணும்போது, எல்லா வேலைக்கும் ஒரே கத்தி என்னும் எண்ணம் அக்காட்டு மக்களுக்கு என்றும் இருந்ததில்லை என்பது தெளிவாகும்.

இனி இரப்பருக்கு வருவோம். அமேசான் காட்டில் பால் எடுப்போரின் கருவி ‘மச்சாடின்யோ’ எனப்பட்ட சிறு கைக்கோடரி. விடியலில் காட்டுவழியே சென்று, மரத்துக்கு மரம் அக்கோடரியால் கொத்தி, கொத்திய இடத்தின் கீழே சிறு கிண்ணத்தை ஒட்டவைப்பர். கோடரியின் வாய் ஆப்பு வடிவினது, ஓங்கிக் கொத்துவது. எவ்வளவு பழகிய கையும் ஒரு வீச்சின் ஆழத்தை மயிரிழை அளவுக்குக் கட்டுப்படுத்த இயலாது. வாய் பட்டையைக் கடந்து மரத்தையே தொட்டது. காயங்கள் ஆறும்போது முண்டும் முடிச்சுமாகப் புடைத்தன. அவ்விடத்தில் மீண்டும் பால் எடுப்பது அரிதாயிற்று. காடு பரந்திருந்தவரை இது பெருங்குறையாகத் தோன்றவில்லை. ஒரே நிலத்தில் வரிசையாக நட்ட மரங்களை முப்பது ஆண்டு வைத்துப் பயன்கொள்ள வேண்டிய தோட்டத்துக்கு இக்கருவி ஒவ்வாது.

ஹென்றி விக்கம் 1876இல் பிரேசிலிலிருந்து இலண்டனுக்குக் கொண்டுசென்ற ஏறத்தாழ 70,000 விதைகளின் வழித்தோன்றல்களாக, 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் 9 கன்றுகள் பேராக்கின் கோலாகங்சாரில் ஹியூ லோவின் பொறுப்பில் நடப்பட்டன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் தலைவராக வந்த ஹென்றி நிக்கலஸ் ரிட்லி (1855–1956) வளர்ந்து நின்ற அம்மரங்களில் சோதனைகளைத் தொடங்கினார். கொத்துவதை விடுத்துப் பட்டையைச் சாய்வாகச் சீவினார். ஓரிரு நாள் கழித்து அதே வெட்டின் கீழ்விளிம்பிலிருந்து மெல்லிய சீவல் ஒன்றை எடுத்தார். பால் முன்னிலும் மிகுதியாக வந்தது. புதிய இடத்தைத் தேடிக் காயப்படுத்த வேண்டியதில்லை. பழைய காயத்தைப் புதுப்பித்தலே போதும், அதுவே நன்று என்பது புலனாயிற்று. 1890களில் அவர் இதை எழுதி வெளியிட்டார். இலங்கையில் பேராதனைத் தாவரவியல் தோட்டத்திலும் அதே காலத்தில் இத்தகைய சோதனைகள் நடந்தன. ஆகவே எல்லாப் புகழையும் ஒருவருக்கே அளித்துவிடுதல் பொருந்தாது. ஆயினும் தோட்டக்காரர்கள் எள்ளி நகைத்தபோதும் விடாது வற்புறுத்தியவர் ரிட்லியே. மலாக்காவில் தான் சாய் யான் 1896இல் முதன்முதலாக வணிகநோக்கோடு இரப்பர் பயிரிட்டார். பிரேசில் காப்பியால் மலாயாக் காப்பியின் விலை வீழ்ந்தது ஏனையோரையும் இப்பக்கம் திருப்பியது. 1920ஆம் ஆண்டளவில் மலாயாவில் இரப்பர்ப் பரப்பு 20 இலட்சம் ஏக்கரைக் கடந்திருந்தது.

சீவுதல் என்று முடிவாயிற்று. ஆனால் எதனால் சீவுவது? குதிரையின் குளம்பைச் சீவ இலாடம் கட்டுவோர் பயன்படுத்திய, முனை சுருண்ட கத்தியும் இவ்வேலைக்கு வந்தது. இலங்கையில் பட்டையைச் சீவிய பின் முட்கருவியால் குத்திப் பார்த்த காலமும் உண்டு. அம்முட்கள் உள்மரத்தைத் துளைத்துப் புண்ணாக்கியதால் அது நிலைக்கவில்லை. நாளடைவில் இரண்டு வடிவங்கள் ஊன்றின. இலங்கையிலும் கேரளத்திலும் மிச்சி–கோலெட்ஜ் கத்தி. மலாயாவில் ஜெபோங் கத்தி. இரண்டின் தத்துவமும் ஒன்றே. அலகின் முனை மடிந்து, இரு வாய்கள் ஒரு மூலையில் கூடும் பள்ளமாக நிற்கும். தன்பக்கம் இழுத்தே இவற்றைக் கையாள்வர். தள்ளிச் சீவும் உளிகளும் உண்டு. உயரத்திலுள்ள பட்டைக்கு அவை ஏற்றவை.

ஏன் இரு வாய்கள்? விடை பட்டையின் அமைப்பில் இருக்கிறது. இரப்பர் மரத்தின் பட்டையில் வெளியே தக்கைப்பகுதி, அதனுள்ளே கல்போல் இறுகிய அணுக்கள் விரவிய கடினப் பகுதி, அதனுள்ளே மென்பகுதி, கடைசியாக, மரத்தையும் பட்டையையும் வளர்க்கும் மெல்லிய வளர்படலம். பால்குழாய்கள் மிகுதியாக இருப்பது மென்பகுதியில், வளர்படலத்தை ஒட்டியே. பால் வேண்டின் ஆழச் செல்ல வேண்டும். ஆழச் சென்றால் வளர்படலம் கெடும். அதிலிருந்து ஒரு மில்லிமீட்டர் அளவு பட்டையை விட்டு வெட்டு நிற்க வேண்டும் என்பது விதி. கோடரி இவ்விதியைக் காக்க மாட்டாது. மடிந்த முனையுடைய கத்தியில் ஒரு வாய் சீவலின் அடியை அறுத்துப் பால் ஓடும் படியை அமைக்கிறது; மற்றொரு வாய் மரத்தின் பரப்புக்கு இணையாக ஓடி ஆழத்தை வரையறுக்கிறது. ஆழம் இங்கே வீச்சின் வேகத்தைச் சார்ந்ததன்று, கைச்சாய்வைச் சார்ந்தது. கையின் சாய்வை மனிதன் அடக்க முடியும்.

கோணத்தின் பழைய இழுபறி இங்கும் உண்டு. வாய் மிக மெல்லிதாயின் கடினப்பகுதியின் கல்லணுக்களில் விரைவில் மழுங்கும். தடிப்பாயின் அறுக்காமல் நசுக்கும். மழுங்கிய கத்தியை அழுத்தி இழுக்க வேண்டும். அழுத்திய கை கட்டுப்பாட்டை இழக்கும். திடீரெனக் கத்தி உள்ளே பாயும். ஆகவே நல்ல தொழிலாளி கத்தியைத் தானே தீட்டினான். பிறர் கையில் தரமாட்டான்.

வெட்டின் சாய்வும் மரத்தின் இயல்பைப் பின்பற்றியதே. பால்குழாய்கள் நேர்செங்குத்தாக ஏறுவதில்லை. சில பாகை வலப்புறம் சாய்ந்து, மரத்தைச் சுற்றியே மேலேறுகின்றன. ஆகவே இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழும் வெட்டு, எதிர்ச்சாய்வு வெட்டைவிட மிகுதியான குழாய்களை அறுக்கும். 25 முதல் 30 பாகைச் சாய்வில், மரத்தின் சுற்றளவில் பாதியைத் தழுவி, ஒன்றுவிட்டு ஒருநாள் சீவுவது பரவலான முறையாயிற்று. ஒரு நாளைச் சீவலின் கனம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவே. ஆண்டொன்றுக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர்ப் பட்டை கழியும். ஒரு பக்கம் கழிந்து மறுபக்கம் திரும்பிப் பல ஆண்டுகள் சென்ற பின், முதற்பக்கத்தில் புதுப்பட்டை வளர்ந்து மீண்டும் சீவத்தக்கதாக நிற்கும். முன்னே காயம் பட்டிராவிட்டால் மட்டுமே அது நிகழும். ஏழெட்டு ஆண்டுகளுக்குப் பின் வரும் பாலின் அளவை இன்றைய கை தீர்மானிக்கிறது.

இக்கை யாருடைய கை? 1907இல் அமைக்கப்பட்ட குடியேற்ற நிதியின் துணையோடும் கங்காணிகளின் வழியாகவும் தமிழகத்திலிருந்து பல்லாயிரவர் வந்தனர். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுக்கு வந்த பின்னும் வருகை நிற்கவில்லை. சீனரும் மலாய்ச் சிறுதோட்டக்காரரும் இத்தொழிலில் இருந்தனர் என்பது உண்மையே. எனினும் பெருந்தோட்டங்களின் நிரைகளில் தமிழரே மிகுதி, அவருள் பெண்களும் பலர். மரத்தினுள் நீரழுத்தம் தளராத விடியற்பொழுதிலேயே பால் நன்கு ஓடும். ஆகையால் இருள் விலகுமுன் தலைவிளக்கோடு நிரையில் நின்றனர்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒருவருக்கு 400 மரம். மரத்துக்குச் சராசரியாக 30 சென்டிமீட்டர் நீள வெட்டு எனக் கொண்டால், ஒரு காலையில் 120 மீட்டர் நீளத்துக்கு வாயை இழுத்தாக வேண்டும். அவ்வளவு நீளத்திலும் ஆழம் ஒரு மில்லிமீட்டர் பிசகக் கூடாது. ஆழம் குறைந்தால் பால் குறைந்தது என்னும் ஏச்சு, ஆழம் மிகுந்தால் காயம் என்னும் குற்றம். மேற்பார்வையாளர் மரத்துக்கு மரம் காயங்களை எண்ணினர். அளவுகோல் ஏதும் கத்தியில் இல்லை. வளர்படலம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரிந்தால் அப்போதே கெட்டுவிட்டது என்று பொருள். கத்தியின் வாயில் படும் தடை மாறுவதைக் கையால் உணர்ந்தே நிறுத்தினர். மரத்தச்சன் ஒருவன் இத்துணை நுட்பத்தோடு பலகையில் கோடு கிழித்தால் அவனைக் கைத்திறன் மிக்கவன் என்போம். குடியேற்ற ஆட்சிக்கால அறிக்கைகள் இம்மக்களைக் ‘கூலிகள்’ என்ற ஒரு சொல்லால் குறித்து அமைந்தன.

‘சீவுதல்’ என்னும் சொல்லை அவர்கள் தோட்டத்தில் கற்கவில்லை. தமிழ்நாட்டில் பனையேறி நாள்தோறும் பாளையின் முனையில் மெல்லிய சீவல் ஒன்றை எடுத்துக் கலயத்தைக் கட்டுகிறான். பாளை அரிவாளின் வாய் சவரக் கத்திக்கு நிகராகத் தீட்டப்படுவது. வேறெதற்கும் அதைப் பயன்படுத்துவதில்லை. நாளும் ஒரு மென்சீவல், நாளும் புதிதாகும் காயம், வழியும் நீர் என்னும் முறை ரிட்லி சிங்கப்பூரில் கண்ட முறையை எவ்வளவோ ஒத்திருக்கிறது. தோட்டத்துக்கு வந்தோருள் பெரும்பாலோர் பனையேறிகள் அல்லர், வயல் உழைப்பாளிகளே. ஆயினும் பாளை சீவுதல் என்னும் வழக்கு அவர்கள் அறிந்தது. புதிய மரத்தைக் கண்டபோது, வேலையின் இயல்பை உணர்ந்து அதற்கு உரிய வினையைத் தம் மொழியிலிருந்தே எடுத்துக் கொடுத்தனர். ‘வெட்டு’ என்ற சொல்லும் கூடவே நின்றது. ஆனால் கத்தி செய்தது சீவுதலே.

ஜெபோங் கத்தி பின்னாளில் கடல் கடந்து பிரேசிலுக்கே சென்றது. கைக்கோடரி பிறந்த நாட்டின் இரப்பர்த் தோட்டங்களில் அதே மலாயாப் பெயரால் இக்கத்தி வழங்குகிறது. மலேசியாவிலோ தோட்டங்கள் எண்ணெய்ப்பனைக்கு மாறின. 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து இரப்பர் உற்பத்தியில் முதலிடத்துக்கு வந்தது. எண்ணெய்ப்பனையின் குலையைத் தள்ள நீண்ட கழியில் கட்டிய அரிவாளும் அகன்ற உளியும் வந்தன. அவற்றின் கதை வேறு.

பால் வற்றிய இரப்பர் மரத்தை முன்பு விறகாக்கி எரித்தனர். 1980களிலிருந்து அம்மரம் மேசை நாற்காலிகள் செய்யும் பலகையாக வெளிநாடுகளுக்குச் செல்லத் தொடங்கியது. வெளிறிய நிறமும் நேரான இழையும் உடைய நல்ல பலகை அது. மரம் அறுக்கும் ஆலையில் அடிமரத்தைப் பிளக்கும்போது, சில பலகைகளில் இழை சுழன்று கறுத்த வடுக்கள் தெரியும். என்றோ ஒரு விடியலில் கத்தி ஆழப் பாய்ந்த இடங்கள் அவை. பிற பலகைகளில் எத்தனையோ ஆண்டு ஒன்றுவிட்டு ஒருநாள் கத்தி ஓடியிருந்தும் ஒரு கீறலும் இராது. அவை தனியே அடுக்கப்பட்டு, உயர்ந்த விலைக்குப் போகின்றன.